ஜன்னல் மூடிய வீட்டில் ஓர் இனுயிட் குடும்பம்

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரே ஒரு "ஹவ்"வின் தயவில். ஹைதராபாத் சந்தாநகரில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, பாப்பாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பட்டான்செருவில் என் கணவர் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் பஸ் தெருமுனையிலேயே நிற்கும். இதற்கு முன்னால் ஆறு வீடு பார்த்திருந்தோம். ஆறு வீட்டிலும் எங்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் எங்கள் வயிற்றைப் பற்றிக் கேட்டார்கள். ஏழாவது வீட்டு ஓனரம்மா கேட்கக்கூட இல்லை, அவரே முடிவு செய்துவிட்டார். "தும் லோகான் மத்ராசி நா? ஃபிர் ப்யூர் வெஜிச் ஹோங்கே" என்றார். மதராசி என்றால் சாம்பார், சாம்பார் என்றால் சைவம். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை. என் கணவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் சுவரில் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் வழக்கத்தில் ஆமாம் என்பதற்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார் அவர். "ஹவ்."

அவர் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத் கண்டோன்மென்ட் வேலைக்கு வந்தவர். என் வீட்டு ஆட்களும் அப்படித்தான். இரண்டு குடும்பமும் நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம். நிஜாம் போனார், மாநிலம் பிரிந்தது, மெட்ரோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மட்டும் மாறவில்லை. அந்த நான்கு தலைமுறை மீனையும் ஒரே சொல்லில் விற்றுவிட்டுச் சாவி வாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன்.

கீழே இறங்கியதும் கேட்டேன், "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவ்வோதான சொன்னாவ. நான் ஹவ்னுதான சொன்னேன்."

"அதத்தான் கேக்கேன்."

"வீடு வேணுமா வேண்டாமா? அதச் சொல்லு பாப்போம்."

வீடு வேண்டும். எனக்கு பேகம்பேட்டில் வேலை, அங்கிருந்து வீடு திரும்பும்வரை பாப்பா பள்ளிவிட்டு வந்து தனியாக நிற்கக் கூடாது. ஓனரம்மா மேல்மாடியிலேயே இருப்பதால் நான் வரும்வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். அது போதாதா. வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் மூன்று வருஷம் ஜன்னலையும் மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மீன் சமைக்கிற முறையை நான் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், யாருக்காவது உதவும். லிங்கம்பள்ளியில் வாங்கிய மீன் என் கணவரின் லேப்டாப் பையில் வரும். லேப்டாப் துணிக்கடைப் பையில் வரும். வீட்டுக்குள் வந்ததும் ஹால் ஜன்னல், படுக்கையறை ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் சாத்த வேண்டும்; சமையலறை ஜன்னல் எப்போதுமே சாத்தித்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடக் கூடாது, அதன் வாய் ஓனரம்மாவின் பால்கனிக்கு நேர் கீழே. பூஜை மாடத்தில் சாம்பிராணி, அடுப்பின் இன்னொரு பக்கம் ஒரு கரண்டி காப்பித்தூள் கருக வேண்டும். பொரிக்கும்போது எண்ணெய்ச் சத்தம் கேட்காமலிருக்க டிவியில் பக்திச் சேனல். சாப்பிட்டு முடித்த முள்ளை மூன்று மடிப்புப் பேப்பரில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பட்டான்செருவுக்குக் கொண்டுபோய் என் கணவர் எறிந்துவிட்டு வருவார். அந்தப் பக்கத்து நாய்கள் அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்காகக் காத்திருக்கும் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் அவருக்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு பாப்பாதான். குடிவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. "என்ன சாப்பிட்டே" என்று யார் கேட்டாலும் "பப்பு, பெண்டைக்காய், பெருகு" என்று பருப்பும் வெண்டைக்காயும் தயிருமாகத் தெலுங்கில் சொல்லப் பழக்கினேன். ரைம்ஸ் ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பாள். ஒருநாள் ஓனரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "ஏம் வாசன பங்காரு?" என்று கேட்டபோது, "அம்மா காப்பிப் பொடி கருக்கிட்டா ஆன்ட்டி, எப்பவும் அப்படித்தான்" என்று என் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி என்று அன்று அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கிருந்த ஒரே பயம் வீடு போய்விடுமோ என்பதுதான். இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

போன பிப்ரவரியில் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "உலகக் குடும்பங்கள்" விழா. ஒவ்வொரு பிள்ளையும் சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் வரும் குடும்பமாக அம்மா அப்பாவோடு மேடையேற வேண்டும். இந்தப் பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, இப்போது பெற்றோருக்குத்தான் நடத்துகிறார்கள். பாப்பாவின் சிநேகிதி ஒருத்திக்கு இத்தாலி வந்தது. பீட்சா ஆர்டர் செய்து கையில் பிடித்துக்கொண்டால் வேலை முடிந்தது. இன்னொருத்திக்கு ஜப்பான், விசிறி போதும். எங்கள் பாப்பா எடுத்த சீட்டில், "இனுயிட் குடும்பம்: குளிர்காலக் கடைசியில் ஐஸில் மீன்பிடித்தல்" என்று இருந்தது. ஹைதராபாத்தில் அன்றைக்கே முப்பத்தாறு டிகிரி. குளிர்காலம் எங்களுக்கு ஜனவரியிலேயே, ஒரு வாரம் ஸ்வெட்டர் போட்டதோடு, முடிந்திருந்தது.

"எஸ்கிமோவா?" என்றார் என் கணவர்.

"அப்படிச் சொல்லக் கூடாது டாடி. தே டோன்ட் லைக் இட்" என்றாள் பாப்பா. அடுத்த பதினைந்து நாளும் எங்கள் வீட்டில் அவள் பேசியது எல்லாம் இந்தத் தொனியில்தான்.

பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாள். டேப்லெட்டில் ஒரு வீடியோ கண்டுபிடித்தாள். அதில் ஒரு குடும்பம். சூரியன் பல வாரம் கண்ணில் படாமலிருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிற நாட்கள். வெளிச்சம் இருக்கிறது, குளிர் குறையவில்லை. அப்பா ஏரிமேல் கடப்பாரை மாதிரி ஒன்றால் ஐஸைக் குத்துகிறார், ஏரி அவர் உயரத்துக்குக் கெட்டியாக இருக்கிறது. குத்தக் குத்த ஓட்டையில் சேரும் ஐஸ் தூளை அம்மா ஒரு பெரிய ஜல்லிக்கரண்டியால் வாரி வாரி வெளியே போடுகிறாள். நாம் பஜ்ஜி எடுக்கிற அதே கையசைவு. அப்புறம் ஒரு சின்னக் குச்சியில் சுற்றிய நூலை உள்ளே விட்டுச் சுண்டிச் சுண்டி இழுக்கிறாள். பாப்பா வயதுப் பெண் ஒருத்தி ஓட்டைமேல் குப்புறப் படுத்து, அங்கியின் தலைமுக்காட்டால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அடியில் மீன் வருகிறதா என்று பார்க்கிறாள். மீன் வெளியே வந்ததும் பனியில் போடுகிறார்கள். துள்ளிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் விறகு மாதிரி விறைத்துப்போகிறது. நான் ஃப்ரீசரில் ஐஸ் ட்ரேக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற வேலை அந்த அம்மாவுக்கு இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அந்தக் குடும்பம் வீடு திரும்பியதும் தரையில் அட்டையை விரித்து, உறைந்த மீனை நடுவில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அப்படியே வெட்டித் தின்கிறார்கள். அம்மா கையில் அரைவட்டக் கத்தி, நம் அரிவாள்மனையின் அலகை மட்டும் கழற்றிக் கையில் பிடித்ததுபோல. அதற்குப் பிறகு நடந்ததைப் பாப்பா நான்கு முறை பின்னுக்குத் தள்ளிப் போட்டுக் காட்டினாள். அந்த அம்மா ஊர் ரேடியோவில் பேசுகிறாள். எங்கள் வீட்டில் மீன் இருக்கிறது, வேண்டியவர்கள் வாருங்கள் என்று. ஊரே வருகிறது. கதவைத் தட்டுவதுகூட இல்லை, திறந்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"மம்மி, நாமளும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல போடலாமா?" என்று கேட்டாள்.

நான் போட்ட கூச்சலில் டேப்லெட் கீழே விழுந்தது. அவள் அதை நிதானமாக எடுத்துத் துடைத்துவிட்டு, இனுயிட் அம்மாக்கள் பிள்ளைகளிடம் கத்துவதே இல்லை என்றாள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினாள். அங்கே பெரியவர்கள் கத்தினால் அவர்களுக்குத்தான் வயது ஏறவில்லை என்று அர்த்தமாம். அதோடு, பிறக்கும் பிள்ளைக்கு இறந்துபோன பெரியவர் ஒருவரின் பெயரை வைத்தால், அந்தப் பெரியவருக்குரிய மரியாதையும் பிள்ளைக்கு வந்துவிடுமாம், அதட்டக் கூடாதாம். பாப்பாவுக்கு நாங்கள் வைத்திருப்பது என் மாமியார் பெயர். மாமியார் பெயரைச் சொல்லி அதட்ட வாய் வராமல்தான் நான் பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். இப்போது வடதுருவத்திலிருந்தும் அந்த அம்மாளுக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

ப்ராஜெக்ட்டில் எனக்கு ஒரு பெரிய லாபம் இருந்ததை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன். ஒரு மாலை நான் தாழ்ப்பாள் போட மறந்திருந்தபோது ஓனரம்மா வழக்கம்போலத் தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு வந்து மூக்கை உறிஞ்சினார். அடுப்பில் கொரமீனு. எங்கள் ஊர்ப்பக்கம் விரால் என்பது. நான் கரண்டியோடு உறைந்து நிற்க, பாப்பா ஹாலில் தெர்மகோல் மீனுக்குச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஸ்கூல் ப்ராஜெக்ட் ஆன்ட்டி" என்றாள். பக்கத்தில், ஐஸ் வைத்துப் பார்ப்பதற்காக என் கணவர் மீன்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய பெட்டி ஒன்று கிடந்தது. ஓனரம்மா அதைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், "பாவம், பிள்ளைகளை என்னென்ன பாடு படுத்துகிறார்கள்" என்ற பொருளில் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திருவிழா. சாம்பிராணிக்கு லீவு. எது மணத்தாலும் ப்ராஜெக்ட். செவ்வாய்க்கிழமை மீன், வியாழக்கிழமை இறால், சனிக்கிழமை கருவாடுகூடப் பொரித்தேன். மூன்று வருஷமாக நான் கருவாட்டின் மேல் கண்ணை வைக்காமல் இருந்தவள். "இந்தப் படிப்ப வருஷம் பூரா வச்சா நல்லாருக்கும்லா" என்றார் என் கணவர், முள்ளைச் சப்பிக்கொண்டே. ஹைதராபாத்தில் மீன் தின்பதற்காக வடதுருவத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்ட குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர் போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது. எல்லாம் சூப்பர், ஆனால் எங்களுடையது வெஜிடேரியன் கேம்பஸ், தெரியும் இல்லையா, அதனால் ஐஸில் மீன்பிடித்தலை மீன் இல்லாமல் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"அப்போ எதைப் பிடிக்கிறது?" என்றேன்.

அதை அவரும் யோசித்திருக்கிறார். கேரட் பிடிக்கலாம் என்றார். கலராக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும், ஆரோக்கியமும்கூட. ஏரியிலிருந்து கேரட் வருமா என்று கேட்டேன். கடைசியில் இருபது நிமிஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்படிக்கை ஆனது. மீன் இருக்கலாம். ஆனால் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும், செத்ததுபோல் தெரியக் கூடாது. சாப்பிடுவது என்ற சொல் மேடையில் வரக் கூடாது. அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யாராவது கேட்டால் "ஹெல்த்தி ஃபுட்" என்று சொல்லலாம். ஆயிரம் வருஷமாகப் பனியில் மீனும் சீலும் தின்று உயிரோடிருக்கிற ஜனத்தை நானும் அந்த டீச்சரும் போனிலேயே சைவமாக்கிவிட்டோம்.

பாப்பா இதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். "பட் தட்ஸ் எ லை" என்றாள். பொய் இல்லை, ஸ்கூல் ரூல் என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை பார்க்கிற பார்வையா அது என்று தோன்றியது. அப்புறம், ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றாள். அங்கே பிள்ளை பிடிக்கிற முதல் மீனை அந்த வீடு வைத்துக்கொள்ளாது, கூட்டத்தில் வயதில் மூத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அவளும் கொடுப்பாள். எங்கள் கட்டடத்தில் வயதில் மூத்தவர் ஓனரம்மா, எனவே அவரை விழாவுக்குக் கூப்பிட வேண்டும். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. நானே மேலே போய்க் கூப்பிட்டேன். ஓனரம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவர் பேரப்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில்.

சனிக்கிழமை காலை விழா. ஐஸுக்கு என் கணவர் விடியற்காலையிலேயே மல்லாபூர் போயிருந்தார், அங்கே அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறார். மல்லாபூரில் ஏற்றும்போது கட்டி தன் நெஞ்சு உயரம் இருந்தது என்று சத்தியம் செய்தார். உமியும் சாக்கும் போட்டுச் சுற்றி, டிராலி ஆட்டோவில் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து இறங்கியபோது பாப்பாவின் முழங்காலுக்கு இருந்தது. வழி நெடுகிலும் ஒழுகிக்கொண்டு வந்த தண்ணீரைப் பார்த்து டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, உள்ளே என்ன மீனா என்று கேட்டாராம். "நஹி சாப், ஏரி" என்று சொல்லியிருக்கிறார் என் கணவர். மேடையேற மட்டும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்.

ஆகவே மேடையில் நானும் பாப்பாவும் மட்டும். என் ஸ்வெட்டர் இரண்டைத் திருப்பிப் போட்டு, பழைய கரடிப் பொம்மை ஒன்றின் ரோமத்தைக் கத்தரித்துத் தலைமுக்காட்டின் ஓரத்தில் தைத்திருந்தேன். வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. இத்தாலி ஏ.சி.க்குக் கீழே நின்று பீட்சாவைக் காட்டியது, ஜப்பான் விசிறிக்கொண்டது. எங்கள் முறை வந்தபோது ஏரி பாதி கரைந்து மேடையிலிருந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் குத்தி வைத்திருந்த ஓட்டை வாளி அகலத்துக்கு விரிந்திருந்தது. ஆனாலும் பாப்பா பிரமாதமாகச் செய்தாள். குப்புறப் படுத்தாள். முக்காட்டால் வெளிச்சத்தை மறைத்தாள். நான் ஜல்லிக்கரண்டியால் ஐஸை வாரினேன். நூலைச் சுண்டிச் சுண்டித் துணிமீனை வெளியே எடுத்து, நேராக இறங்கி முன்வரிசைக்குப் போய் ஓனரம்மாவின் மடியில் வைத்தாள். ஓனரம்மா அதைக் குழந்தைபோல் எடுத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவில்லை.

அப்புறம்தான் டீச்சர் மைக்கோடு வந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டதுபோல அவளிடமும் கேட்டார், உன் சொந்தக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து என்ன சாப்பிடும் என்று. சாப்பிடுவது என்ற சொல் மேடையில் வரக் கூடாது என்றவர் அவர்தான். எனக்கு ஸ்வெட்டருக்குள் குளிர்ந்தது. பாப்பா கொதித்துப்போயிருந்தது நினைவுக்கு வந்தது. சொல்லிவிடுவாள், இன்றோடு வீடு போயிற்று என்று நினைத்தேன். முன்வரிசையில் ஓனரம்மா மீனை அணைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

பாப்பா மைக்கை வாங்கினாள். "வி ஆர் ப்யூர் வெஜ், மேம். சாம்பார், ரைஸ், பீன்ஸ். மை மாம் ஈவன் எக்ஸ் அலவ் பண்ண மாட்டா. ஒன்ஸ் அப்பா எக் பஃப் வாங்கிட்டு வந்தாரு, வெளியிலயே சாப்பிட்டுட்டு வரச் சொல்லிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஓனரம்மா எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். காலையில் அவள் இரட்டை முட்டை ஆம்லெட் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். எக் பஃப் கதை நான் கேள்விப்பட்டதே இல்லை, அந்த நிமிஷத்தில் அவளே செய்தது. முடிவில் எங்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். "மிக உண்மையான குடும்பம்" என்று தங்க எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

ஓனரம்மா மீனோடு முன்னால் நடந்தார். நாங்கள் சற்றுப் பின்னால் வந்தோம். தப்பித்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"எக் பஃப் எதுக்குடி சொன்னே?"

"அப்போதான் ரியலா இருக்கும்" என்றாள், பரிசைப் பார்த்துக்கொண்டே. "சின்னச் சின்னதா சேத்துச் சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க. நீதானே அப்படிப் பண்ணுவே. காப்பிப் பொடி, அப்புறம் சாம்பிராணி."

பெருமையாகத்தான் சொன்னாள். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து முகத்தை நிமிர்த்தினாள். நல்ல வெயில், நடுத்தெரு. மூன்று வருஷமாக எனக்கு வராத வெட்கம் அங்கே வந்தது. வீட்டைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கு எதைக் கொடுத்தேன் என்று இவள் எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் ஃப்ரீசரில் ப்ராஜெக்ட் பேர் சொல்லி வாங்கிய விராலில் ஆறு துண்டு மிச்சம் இருந்தது. மிளகாய்த்தூள் தடவி வைத்தேன். எண்ணெயைச் சட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டதும் பாப்பா, யாரும் சொல்லாமல், எழுந்தாள். ஹால் ஜன்னலைச் சாத்தினாள். படுக்கையறை ஜன்னலைச் சாத்தினாள். பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஸ்டூல் போட்டு ஏறிச் சாம்பிராணி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். "ப்ராஜெக்ட் ஓவர், மம்மி" என்று ரகசியக் குரலில் சொன்னாள்.

நான் அந்தப் பாக்கெட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தேன். மூன்று வருஷத் துரு, இரண்டு தட்டு தட்ட வேண்டியிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். மீனை எண்ணெயில் இட்டேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. பாப்பா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள், வாய் திறந்திருந்தது.

இரண்டாவது துண்டைத் திருப்பிப் போடும்போது மேலே பால்கனியிலிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது. ப்ராஜெக்ட்தான் முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்த நாற்றம் என்று கேட்டார். "ப்ராஜெக்ட் ஹோ கயா நா அம்மா? ஃபிர் கைக்கு ஆரி பாஸ்?"

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். மேலே அவருடைய முகம் தெரிந்தது. கோபமில்லை, குழப்பம்தான். எங்களைக் காப்பாற்றுவதற்குத் தயாராகத்தான் இருந்தார். பாலிதீன் கருகியது, பக்கத்துக் கட்டடத்திலிருந்து வருகிறது, எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

"மச்லி ஹை ஆன்ட்டி" என்றேன். மீன்.

ஓனரம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். அப்புறம், நீங்கள் இதெல்லாம் சாப்பிடுவீர்களா என்று மெதுவாகக் கேட்டார், "தும் லோகான் காத்தே க்யா?"

"ஹவ்" என்றேன்.

முகம் உள்ளே போயிற்று. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. பாப்பா, இனிமேல் வீட்டை விட்டுப் போகணுமா என்று கேட்டாள். போகவேண்டி வரும் என்றேன். அவளுக்கு ஆன்ட்டியைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும்தான். பொரித்த துண்டுகளைத் தட்டில் எடுத்துவைத்து இருவரும் ஹால் தரையில் உட்கார்ந்தோம். ரொம்ப சூடு. ஊதி ஊதித் தின்றோம்.

ஏழு மணிக்கு என் கணவர் வந்தார். கையில் அந்தத் துணிமீன் இருந்தது, சிரித்த முகத்தோடு. "இது என்னத்துக்கு நம்ம வாசக் கைப்பிடியில தொங்குது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், மோந்து பார்த்தார். திறந்து கிடக்கிற ஜன்னலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மீனைச் சோபாவில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

பாப்பா தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய், இரண்டு தட்டு தட்டி, திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.